அடோபோவும் சினிகாங்கும் மார்த்தாண்டத்து அடுப்பில்: எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

மார்த்தாண்டத்து மருமகள் கேட்டது:

குவைத்தில் செவிலியராக இருந்தபோது உடன் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் தோழியரிடமிருந்து காடியில் வேகவைக்கும் கோழி அடோபோ, சினிகாங் எனும் புளிச்சாறு, மரச்சீனிக் கிழங்கு கேக் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டார் அனைவரும் சேர்ந்து அவற்றைச் சமைக்கிறோம். பூண்டு உரிப்பதும் கிழங்கு துருவுவதும் பிள்ளைகளின் பொறுப்பு. தேங்காய்ப்பால் பிழிவது கணவரின் பொறுப்பு. குறை சொல்வது மட்டும் எல்லோருக்கும் பொது.

தோழியர் ஊற்றிய தென்னங்கள்ளுக் காடி (கள்ளு வினாகிரி) எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. வெள்ளை வினாகிரியை ஊற்றினால் நெடி மூக்கைத் துளைக்கிறது. சினிகாங்குக்குப் பழம்புளி கரைத்தால் மீன்குழம்பின் நிறமும் மணமும் வந்துவிடுகின்றன. கேக் சுடுவதற்கு ஓவன் இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, அடோபோவில் மல்லித்தூளும் வறுத்தரைத்த தேங்காயும் சேர்த்தால்தான் அதைக் கறி என்று ஒப்புக்கொள்வேன் என்கிறார் என் மாமியார். எங்கள் கைப்பக்குவத்துக்கு ஏற்ப எவ்வளவு தூரம் மாற்றலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

டாவோவில் படித்தவர், நாகர்கோவில்:

நான் பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படித்தவன். விடுதிச் சமையலறையில் பாடப்புத்தகத்தைவிட அதிகமாகப் புரட்டியது கோழியைத்தான். அங்கேயே அடோபோவுக்கு ஒரே வடிவம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சோயா சாறு சேர்த்துக் கருஞ்சிவப்பாகச் சமைப்பது இன்று பரவலாக இருந்தாலும், சோயா சாறே இல்லாமல் காடியும் உப்பும் பூண்டும் மிளகும் மட்டும் போட்டுச் சமைக்கும் வெள்ளை அடோபோ உண்டு. பத்தாங்காஸ் பகுதியில் மஞ்சள் சேர்க்கிறார்கள். தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கும் வகையும் உண்டு. ஆகவே மஞ்சளையும் தேங்காய்ப்பாலையும் நீங்கள் துணிந்து சேர்க்கலாம். மல்லித்தூள் அப்படியன்று, அது காடி, பூண்டு, மிளகு ஆகியவற்றின் மணத்தை மூடிவிடும், பிறகு சட்டியில் இருப்பது புளித்த கோழிக்குழம்பாகிவிடும்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் கள்ளுக்காடி நம் பக்கம் அரிதாகிவிட்டது. களியக்காவிளையைக் கடந்து கேரளத்துக்குள் போனால் கள்ளு வினாகிரி, தேங்காய் வினாகிரி என்ற பெயர்களில் புட்டியில் விற்பதைக் கேட்டு வாங்கலாம். உங்கள் மூக்கைத் துளைத்தது அசெட்டிக் அமிலத்தில் நீர் கலந்து செய்த செயற்கை வினாகிரியாக இருக்கக்கூடும். அப்படியானால் அது புட்டியிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும்.

ஒரு கிலோ கோழிக்கு அரைக் கோப்பை காடி, கால் கோப்பைக்குச் சற்று மேல் சோயா சாறு, ஒரு முழுப் பூண்டு, ஒரு தேக்கரண்டி முழு மிளகு, ஒரு கோப்பை நீர் ஆகியவை போதும். அங்கே போடும் லாரல் இலை வேறு, நம் பிரியாணி இலை வேறு. நம்முடையது கறுவாப்பட்டையின் இனத்தைச் சேர்ந்ததாகையால் ஒன்றுக்கு மேல் வேண்டாம். காடி ஊற்றிய பின் நன்றாகக் கொதித்துக் காரநெடி அடங்கும் வரை மூடவும் கூடாது, கரண்டியால் கிளறவும் கூடாது என்பது அங்குள்ள வீடுகளில் மூத்தவர்கள் கண்டிப்பாகச் சொல்லும் விதி. புளிப்பு அலுமினியத்தைத் தின்னும் என்பதால் மீன்குழம்பு வைக்கும் மண்சட்டியிலேயே வையுங்கள். தேங்காய்ப்பால் சேர்ப்பதானால் கோழி வெந்த பிறகு இரண்டாம் பாலையும், இறக்கும் தறுவாயில் முதற்பாலையும் ஊற்றுங்கள். பால் திரிந்து எண்ணெய் மிதந்தால் நம் வீட்டில் முகம் சுளிப்பார்கள். பீகோல் பகுதிச் சமையலில் அந்த எண்ணெய் வருவதற்காகவே காத்திருப்பார்கள்.

குளச்சல் கடற்கரை:

மருத்துவர் அண்ணன் அடோபோவுக்குச் சொன்ன கண்டிப்பு சினிகாங்குக்குப் பொருந்தாது, ஏனெனில் அதில் புளிப்பை மாற்றிக்கொள்வதே மரபு. பிஞ்சுப் புளியங்காய், மாங்காய், கொய்யா, பிலிம்பிக்காய் என்று எது காய்த்திருக்கிறதோ அதைப் போடுகிறார்கள். நம் பகுதியில் பல வீட்டுக் கொல்லைகளில் பிலிம்பி மரம் காய்த்துக் கொட்டுகிறது. அதை இரண்டாகக் கீறி நேரே சாற்றில் போட்டால் பழம்புளியின் நிறம் வராது. புளியங்காய் கிடைத்தால் வேகவைத்து மசித்து வடிகட்டிச் சேர்க்கலாம்.

தண்ணீருக்குப் பதிலாக அரிசியை இரண்டாம் முறை களைந்த நீரை ஊற்றுங்கள். சாறு சற்றே மங்கி, நாவில் மென்மையாக நிற்கும். வெங்காயம், தக்காளி, சேம்பு ஆகியவற்றை முதலில் வேகவிட வேண்டும். சேம்பு கரைந்து சாற்றுக்குக் கெட்டி தரும். பிறகு முள்ளங்கி, பயற்றங்காய், கத்திரி, வெண்டை, கீறாத பச்சைமிளகாய் என்று வரிசையாகப் போட்டு, மீனைக் கடைசியில் சேர்த்து, வள்ளல்கீரையைத் தூவி இறக்கிவிடலாம். வள்ளல்கீரை கிடைக்காவிட்டால் முருங்கைக்கீரை போடுங்கள். விளமீனும் பாறையும் இதற்கு நன்றாக அமையும். அங்கே பெரிதும் விரும்பப்படும் பாங்குஸ், கேரளத்தில் பூமீன் என்று விற்கும் அதே மீன்தான், ஆனால் முள் மிகுதியாதலால் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றதன்று. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். அது நடந்துவிட்டால் எத்தனை பிலிம்பிக்காய் போட்டிருந்தாலும் ரசம்தான்.

பாறசாலைப் பெரியம்மா:

மகளே, மரச்சீனிக்கு ஓவன் எதற்கு? பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸ் காலத்தில் விற்கும் பிபிங்கா எனும் அரிசி அப்பத்தை வாழையிலை விரித்த சட்டியில் ஊற்றி, கீழும் மேலும் தணல் வைத்துச் சுடுவது பழைய முறை. நம் பக்கத்திலும் மூடியின்மேல் தணல் பரப்பிச் சுடுவதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அடிகனமான இரும்புச் சட்டியில் வாட்டிய வாழையிலையை விரித்து, கலவையை இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேற்படாமல் ஊற்றி, சிறு தீயில் வைத்து, மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினால் மேற்புறமும் சிவக்கும். நடுவில் ஈர்க்குச்சி குத்தி ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.

கிழங்கு அன்று பிடுங்கியதாக இருக்கட்டும். உள்ளே நீலக்கறுப்பாகக் கோடு விழுந்திருந்தாலோ கசந்தாலோ தூக்கி எறியுங்கள். துருவியதைத் துணியில் கட்டிப் பிழிந்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். நாம் கிழங்கை அவித்த நீரை வடிப்பதும் இதே நச்சுக்காகத்தான். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு இது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இத்தனை தலைமுறையாக அவித்தும் மசித்தும் தின்ற நமக்கு அதைக் கேக்காகச் சுடத் தோன்றாமல் போனது வியப்புத்தான். அவர்கள் டின்பால் ஊற்றுவார்கள். எனக்குக் கருப்பட்டிதான் பிடிக்கும். கருப்பட்டி போடுவதானால் டின்பாலை விட்டுவிட்டுத் தேங்காயின் முதற்பாலை மட்டும் சேருங்கள், இல்லையெனில் பால் திரியக்கூடும். ஒரு சிட்டிகை சுக்குப்பொடியும் நன்றாகச் சேரும்.

மார்த்தாண்டத்து மருமகள்:

மூவருக்கும் நன்றி. பிலிம்பி மரம் எங்கள் கிணற்றடியிலேயே நிற்கிறது. ஊறுகாய்க்கு அப்பால் அதை நான் நினைத்துப் பார்த்ததில்லை. மாமியாரின் வறுத்தரைத்த தேங்காய்க்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. அவரை அடுப்படியிலிருந்து ஒதுக்கிவைத்துச் சமைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

டாவோவில் படித்தவர், நாகர்கோவில்:

அவருக்கு வேறொரு சட்டியைக் கொடுங்கள், அக்கா. பிலிப்பைன்ஸின் தெற்கே சூலுத் தீவுகளில் வாழும் தௌசுக் முஸ்லிம் மக்கள் தியூலா இத்தும் எனும் கறுப்புச் சாறு வைக்கிறார்கள். தேங்காய்ப் பருப்பைத் தீயில் கரியாகும்படி சுட்டு இடித்து, இஞ்சி, பேரரத்தை, மஞ்சள், எலுமிச்சைப்புல், மிளகாய் ஆகியவற்றோடு மாட்டிறைச்சியில் சேர்த்து வேகவைப்பது அது. தீயலுக்குத் தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுக்கத் தெரிந்த கைக்கு இதன் பக்குவம் எளிதில் பிடிபடும். ஆனால் தீயலில் எந்த இடத்தில் கருகிவிட்டது என்று சட்டியை இறக்குவாரோ, அந்த இடத்தைத் தாண்டியும் தேங்காயைச் சுட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாட்டிறைச்சி உண்ணாத வீடென்றால் ஆட்டிறைச்சியில் செய்யலாம். மல்லித்தூள் இதிலும் இல்லை. அதை அவர் கேட்டால் நான் பொறுப்பல்ல.

குளச்சல் கடற்கரை:

வெள்ளிக்கிழமை மரக்கறி உண்பவர்கள் வீட்டில் இருந்தால் இடிச்சக்கையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துப் பாருங்கள். பீகோலில் அதற்கு இறால் விழுது சேர்ப்பார்கள். அதை விட்டுவிட்டு உப்பும் இஞ்சியும் பச்சைமிளகாயும் சற்றுத் தூக்கலாகப் போட்டால் போதும். மற்ற நாள்களில் வறுத்துப் பொடித்த கூனிக் கருவாடு ஒரு கரண்டி சேர்த்தால் அந்த விழுதுக்கு அருகில் வந்துவிடலாம்.