பெரிய வீடு (குடும்பக் குழு) – ஞாயிறு இரவு

செந்தில் (அருஷா), 9:04
📷 📷
இங்கே தான்சானியாவில் கோரோங்கோரோ என்கிற எரிமலைப் பள்ளம் இருக்கிறது, காட்டு விலங்குகள் பார்க்கப் போய் வந்தாயிற்று. முதல் படம் நீர்யானை. இரண்டாவதில் புல்வெளி ஓரமாக ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறதா? அதுதான் காண்டாமிருகம்.

கலா அத்தை, 9:06
எறும்பு என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன் 😄

செந்தில், 9:09
பைனாகுலரில்தான் பார்த்தோம் அத்தை. பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது. 1960களில் அந்தப் பள்ளத்தில் நூறுக்கு மேல் இருந்தனவாம். கொம்புக்காகக் கொன்று கொன்று 1990களில் இருபதுக்கும் கீழே போய்விட்டது. அந்தக் கொம்பும் வேறொன்றுமில்லை, நம் நகம் எதனால் ஆனதோ அதேதான்.

மீனா, 9:11
மாமா நான் கவின். ரெண்டுக்கும் சண்டை வந்தால் எது ஜெயிக்கும்?

செந்தில், 9:14
தண்ணீருக்குள் என்றால் நீர்யானை, சந்தேகமே இல்லை. ஆனால் சண்டை போட அவற்றுக்கு ஒன்றும் இல்லையே கவின். நீர்யானை பகலெல்லாம் குளத்தில் கிடக்கும். இருட்டினால் கரையேறிப் புல் மேயும், ஒரு ராத்திரிக்கு 40 கிலோ வரை. கறுப்புக் காண்டாமிருகம் கூரான மேலுதட்டால் முள்செடியை வளைத்து ஒடித்துத் தின்னும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

பெரியப்பா, 9:16
நீர்யானை சாது. மிருகக்காட்சி சாலையில் பார்த்திருக்கிறேனே, கொட்டாவி விட்டபடி கிடக்கும்.

செந்தில், 9:19
அது கொட்டாவி இல்லை பெரியப்பா, மிரட்டல்! கீழ்த்தாடையில் முழ நீளத்துக்குக் கோரைப்பல் இருக்கிறது. கரையில் மேயும்போது அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் ஆள் நின்றால் போச்சு. படகையே கவிழ்த்துவிடும். காண்டாமிருகத்துக்குக் கண் மங்கல், மோப்பத்தையும் காதையும் வைத்துத்தான் பிழைப்பு. திடுக்கிட்டால் முட்ட வரும், இல்லாவிட்டால் விலகிப் போகத்தான் பார்க்கும்.

இங்கே நீர்யானைக்குக் கிபோக்கோ என்று பேர். சாட்டைக்கும் அதே பேர்தான். அதன் தோலில்தான் ஒரு காலத்தில் சாட்டை செய்தார்கள்.

நித்யா, 9:21
முதுகெல்லாம் சிவப்பாக இருக்கிறதே அண்ணா, காயமா?

செந்தில், 9:23
நானும் ரத்தம் என்றுதான் பதறினேன். தோலில் ஊறுகிற பசையாம். நிறமில்லாமல் வந்து கொஞ்ச நேரத்தில் சிவக்குமாம். வெயிலும் தாக்காது, கிருமியும் அண்டாது. காண்டாமிருகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, சேற்றில் புரண்டு அப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

நித்யா, 9:24
நீந்துவது வீடியோ எடுத்தீர்களா?

செந்தில், 9:27
அது எங்கே நீந்துகிறது? அடியில் காலூன்றி நடக்கிறது, எம்புகிறது, அவ்வளவுதான். பேரில் நீர் இருக்கிறது, நீந்தத் தெரியாது. பேரில் யானை இருக்கிறது, யானைக்குச் சொந்தமில்லை. திமிங்கிலம்தான் அதற்குப் பங்காளி. காண்டாமிருகம் குதிரை வகையறா.

கலா அத்தை, 9:28
அதெல்லாம் சரி, மதியம் சாப்பிட்டாயா?

செந்தில், 9:30
எங்கே அத்தை! குளத்துக்கரையில் இறங்க விட்டார்கள். சப்பாத்தியைப் பிரித்து வாய்க்குக் கொண்டுபோனேன், பருந்து ஒன்று பின்னாலிருந்து வந்து கையிலிருந்ததை அப்படியே அடித்துக்கொண்டு போய்விட்டது. குருமா மட்டும் மிச்சம்.

மீனா, 9:31
மாமா அப்போ பருந்துதான் ஜெயிச்சுது 🦅

கலா அத்தை, 9:31
கையில் நகம் பட்டதா? பட்டிருந்தால் நாளைக்கே ஊசி போட்டுக்கொள்.