பருத்தி பனியனோடு 6 டிகிரி தண்ணீரில் முங்கிய கதை

மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கமலைக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவன் நான். மார்கழி விடியற்காலையில் ஊரே குல்லாயும் போர்வையுமாகத் திரியும்போது நாங்கள் நாலு பேர் மேட்டிலிருந்து குதிப்போம். அந்தத் தெம்பில்தான், வேலைக்காக இங்கிலாந்து போய், சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்கும் டைவிங் பழகும்போது, குளிர் தாங்குவாயா என்று கேட்ட பயிற்சியாளரிடம் சவடாலாகப் பேசிவிட்டேன்.

இடம் ஒரு பழைய கல்குவாரி. கீழவளவு பக்கம் கிரானைட் வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் நிற்குமே, அதே மாதிரி செங்குத்துப் பாறை, பச்சைத் தண்ணீர். ஆனால் அன்றைக்கு அது 6 டிகிரி. உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும் ரப்பர் உடையான வெட்சூட்டை, 7 மில்லிமீட்டர் தடிமனில் போட்டிருந்தும், முகம் தண்ணீரில் பட்டதும் நெற்றியில் ஆணி அடித்த மாதிரி வலி. 10 மீட்டர் இறங்கியதும் இன்னும் மோசம். வெட்சூட் ரப்பருக்குள் இருக்கும் பொடிப்பொடிக் குமிழிகள்தான் சூட்டைப் பிடித்து வைக்கின்றன, அந்த ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல 2 மடங்கு ஆகிவிடுவதால் குமிழிகள் நசுங்கி உடையே மெலிந்துபோகிறது. 18 நிமிடத்தில் விரல் மடங்கவில்லை. மேலே போகிறேன் என்பதற்கான சைகையாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். கரையில் டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் குடித்தேன்.

அடுத்த வாரம் டிரைசூட் வாடகைக்கு எடுத்தேன். உள்ளே தண்ணீரே வராது, இனி என்ன என்று, ஊரிலிருந்து கொண்டுபோன பருத்தி பனியனைப் போட்டு அதற்கு மேல் மற்றதை மாட்டினேன். சிலிண்டரும் முங்குவதற்கான ஈயக்கட்டிகளும் சுமந்து கரையில் நடந்ததில் வேர்த்துக் கொட்டி, பனியன் முழுக்க ஊறிவிட்டது. அப்புறம் முங்கின நேரமெல்லாம் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு இருந்த மாதிரிதான். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும், அது வெளியிலிருந்து வந்தால் என்ன, நம் வேர்வையாக இருந்தால் என்ன. டிரைசூட் என்பது வெறும் மேலுறைதான், சூடு உள்ளே போடும் கம்பளியிலும் அதில் தங்கும் காற்றிலும் இருக்கிறது. அன்றோடு பருத்தியை விட்டேன். கடைசி நேரத்தில்தான் ஜிப்பை ஏற்றுவேன், ஓடியாடி வேர்க்க விடமாட்டேன், வயிற்றைக் காலியாக வைத்து இறங்கமாட்டேன். வெட்சூட் போடும் நாளில் பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோய் கையுறைக்குள்ளும் கழுத்து வழியாகவும் ஊற்றிக்கொள்வேன். ஹூட் கட்டாயம். பார்க்கப்போனால் அது நம் அப்பத்தாக்கள் மாட்டும் குரங்குக் குல்லாய்தான், ரப்பரில் செய்தது.

நடுக்கம் வந்தபிறகு சமாளிப்போம் என்று கீழேயே நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். நடுங்குகிற உடம்பு சிலிண்டர் காற்றை வேகமாகத் தீர்த்துவிடும், விரலும் சொன்ன பேச்சு கேட்காது. வெட்சூட்டுக்குள் ஒன்றுக்குப் போனால் சூடாகும் என்கிறார்களே, அது உண்மைதான், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். மேலே வந்த கையோடு கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதும் வேண்டாம், சிலிண்டர் காற்றிலிருந்து உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகி ஆபத்தாகிவிட வாய்ப்பு உண்டு.

ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் முங்குகிறவர்கள் இதெல்லாம் நமக்கெதற்கு என்று நினைக்கலாம். 28 டிகிரி கடலும் உடம்புச் சூட்டைவிட 9 டிகிரி குறைவுதான். ஒரே நாளில் மூன்றாவது முறை இறங்கிய நண்பருக்கு அங்கேயே பல் கிட்டியதை நான் பார்த்தேன்.

போன மார்கழியில் ஊருக்கு வந்தபோது ஆழமும் தண்ணீரின் சூடும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைக் கையில் கட்டிக்கொண்டு அதே கிணற்றில் இறங்கினேன். வெளியே 20 டிகிரி, தண்ணீர் 27. இத்தனை வருஷம் குளிரில் குதித்ததாகப் பெருமையடித்தது இந்த வெந்நீரிலா என்று கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மோட்டார் போட வந்த மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "மார்கழியில கிணத்துத் தண்ணி வெதுவெதுன்னுதான மாப்ள இருக்கும், அதுக்கு ஒரு மிஷினா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.