சிபில் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருந்த பழைய கார்டு

என் தம்பிக்கு வீட்டுக்கடன் இல்லைன்னு சொல்லிட்டாங்க. சம்பளம் ஒழுங்கா வருது, பைக் லோன் ஒரு மாசம்கூட தவறினது இல்ல, ஆனா கடனை எவ்வளவு ஒழுங்கா கட்டுறோம்னு காட்டுற கிரெடிட் ஸ்கோர் அறுநூறைத் தாண்டித் தள்ளாடுது. "ஏன்னு கேட்டா ஸ்கோர் கம்மிங்கிறதைத் தவிர எதுவும் சொல்ல மாட்டேங்குறாங்கக்கா"ன்னான். ஸ்கோரை விடுடா, முழு ரிப்போர்ட்டை இறக்குன்னேன். நம்ம கடன் விவரத்தைச் சேர்த்து வைக்கிற சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க்னு நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாத் தரணும்.

பைக் லோனுக்கு நேரா மாசாமாசம் 000, 000னு, அதாவது ஒரு நாள்கூட தாமதமில்லைன்னு, சுத்தமா இருந்துச்சு. அதுக்குக் கீழதான் பழைய கிரெடிட் கார்டு, 'செட்டில்டு'ன்னு. வேலை போயிருந்த சமயத்துல வசூலுக்கு வந்தவர் "பாதி கட்டுங்க தம்பி, கணக்கை முடிச்சுடலாம்"னு சொல்லி லெட்டரும் குடுத்திருக்கார். இவனும் விஷயம் முடிஞ்சதுன்னு இருந்துட்டான். ஆனா தள்ளுபடி பண்ணின மீதிப் பணம் பேங்க் புத்தகத்துல நஷ்டம். அடுத்து கடன் குடுக்கிறவன் கண்ணுக்கு, இவன் முழுசா கட்டாத ஆள்.

கார்டு கொடுத்த பேங்குக்கு மெயில் போட்டோம். மீதியைக் கட்டினா 'செட்டில்டு'ங்கிறதை, முழுசா கட்டி முடிச்சதுன்னு அர்த்தம் வர்ற 'க்ளோஸ்டு'ன்னு மாத்துவீங்களான்னு கேட்டு, பதில் எழுத்துல கைக்கு வந்த பிறகுதான் பணம் கட்டினோம். இந்த வரிசை முக்கியம், போன்ல சொன்னதை நம்பி யாரும் கட்டாதீங்க. பாக்கி எதுவும் இல்லைங்கிற நோ டியூஸ் சர்ட்டிபிகேட் வந்துச்சு, ரிப்போர்ட் மட்டும் மாறவே இல்ல. சிபில் தளத்துலயே டிஸ்பியூட், அதாவது பதிவு தப்புன்னு புகார், போட்டோம். சிபில்காரங்களா எதையும் திருத்த முடியாது, பேங்க் ஒத்துக்கணும். 30 நாளுக்குள்ள முடிக்கலைன்னா, தாண்டுற ஒவ்வொரு நாளுக்கும் நமக்கு 100 ரூபாய் தரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. அந்த விதியை எழுதி ஒரு மெயில் தட்டின பிறகுதான் பேங்க்ல ஃபைல் நகர்ந்துச்சு.

ஸ்கோர் ஒரே நாள்ல எகிறல, மெதுவாத்தான் ஏறுது. இதுக்கு நடுவுல "750 ஆக்கித் தர்றோம்"னு எத்தனை போன்! நாம காசில்லாம போடுற அதே டிஸ்பியூட்டைத்தான் அவங்களும் போட்டுட்டு ஃபீஸ் கேப்பாங்க.

*

அக்கா, உங்க தம்பி கதையைப் படிச்சேன், என் கதை வேற மாதிரி. என் பேர்ல கடனே கிடையாது, ஆனா ரிப்போர்ட்ல ஒரு லோன் நின்னுச்சு. கூட வேலை பார்த்த அண்ணனுக்கு ஜாமீன் போட்டிருந்தேன். அவர் இஎம்ஐ தள்ளிப்போன மாசமெல்லாம் என் ரிப்போர்ட்லயும் அப்படியே ஏறியிருந்துச்சு. ஜாமீன்ல இருந்து விலகுறேன்னு எழுதிக் குடுத்தா மட்டும் ஆகாதாம், பதிலுக்கு இன்னொரு ஆளையோ அடமானத்தையோ பேங்க் ஏத்துக்கணும். அதனால தேதிக்கு முந்தின நாளே "அண்ணே, கணக்குல பணம் இருக்கா?"ன்னு போன் போட்டுடுவேன். அவருக்குக் கடுப்புதான். இருக்கட்டும்.

*

மேல ரெண்டு பேரும் சொன்னதோட, கடன் வரலாறே இல்லாதவங்களுக்கு நான் ஒண்ணு சொல்றேன். எனக்கு எந்த பேங்கும் கிரெடிட் கார்டு தரல. சின்னதா ஒரு எஃப்டி (நிரந்தர வைப்பு) போட்டு, அதுமேல கார்டு வாங்கினேன். பெட்ரோலும் போன் பில்லும் மட்டும்தான் அதுல. செலவை கார்டு லிமிட்ல முப்பது சதவீதத்துக்குள்ள வச்சுக்கச் சொல்வாங்க. நான் ஸ்டேட்மெண்ட் வர்றதுக்கு முன்னாடியே பெரும்பகுதியைக் கட்டிடுவேன், பெரும்பாலும் ஸ்டேட்மெண்ட்ல நிக்கிற தொகைதான் ரிப்போர்ட்டுக்குப் போகுது. பில்லுல குறைஞ்சபட்சம் கட்டச் சொல்ற மினிமம் டியூ மட்டும் கட்டினா லேட்டுன்னு பதிவாகாது, ஆனா மீதிக்கு வட்டி தின்னுடும். 2025 ஜனவரியில இருந்து பேங்குகள் குறைஞ்சது பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவையாவது தகவல் அனுப்பணும்ங்கிறதால, கட்டினது முன்னைவிட சீக்கிரமாத் தெரியுது.

இன்னொண்ணு, கிடைக்குதான்னு பார்க்கிறேன்னு நாலு லோன் ஆப்ல ஒரே வாரத்துல அப்ளை பண்ணாதீங்க. ஒவ்வொண்ணும் என்கொயரியா, அதாவது இவங்க கடன் கேட்டாங்கன்னு, ரிப்போர்ட்ல விழும், ஸ்கோரும் குறையலாம். நம்ம ஸ்கோரை நாமே எத்தனை தடவை பார்த்தாலும் அதனால குறையாது.