வெள்ளைப் பூனையின் கீழ் இமையில் கட்டி: பாதி இமை போனால் எப்படி மூடுவது?

கேள்வி:
11 வயது வெள்ளைப் பூனை. வலது கீழ் இமையில் ஆறாத புண். பயாப்சியில் (திசுப் பரிசோதனையில்) ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய். சுற்றிலும் 5 மி.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுத்தால் இமை நீளத்தில் பாதி போய்விடும். நேராக இழுத்துத் தைக்கலாமா? ஹெச் பிளாஸ்டியா (கீழேயுள்ள தோலை மேலே நகர்த்தி மூடுவது), உதட்டு ஃபிளாப்பா (ஒரு பக்கம் ஒட்டியபடியே உதட்டுத் திசுவைத் திருப்பி மூடுவது)?

பதில் 1:
நேராகத் தைக்க வேண்டாம் டாக்டர். அது இமையில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு போனால் மட்டும்தான். பூனையின் இமை கண்ணோடு ஒட்டி நிற்பது. நாய்க்கு இருக்கும் தளர்வு இல்லை. வலிந்து மூடினால் தையல் பிரியும்.

ஹெச் பிளாஸ்டி என்றால் கட்டியைச் சதுரமாக எடுங்கள். இரு ஓரத்திலிருந்தும் கீழ்நோக்கி, லேசாக விரியும்படி, கட்டி எடுத்த பள்ளத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு நீளத்துக்கு வெட்டுங்கள். அடியில் இருபுறமும் முக்கோணமாகத் தோலை எடுக்காவிட்டால் ஃபிளாப் மேலேறும்போது தோல் மடிந்து நிற்கும். ஃபிளாப் பிற்பாடு சுருங்கும்; அதனால் பக்கத்து விளிம்பைவிட 1 மி.மீ. உயர்த்தித் தையுங்கள். உள்பக்கத்துக்குக் கண்சவ்வை நகர்த்தி 6-0 பாலிகிளாக்டின் (தானாகக் கரையும் மெல்லிய தையல் நூல்). முடிச்சு கருவிழியில் படவே கூடாது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் புதிய விளிம்பில் தோல் முடி இருக்கும். அது கருவிழியை உரசி உரசிப் புண்ணாக்கும். பாதி இமை போகிறது என்றால் உதட்டு ஃபிளாப்தான் நல்லது. வாயோரத்து மேலுதட்டை முழுத் தடிமனில், உள்சவ்வோடு எடுத்துத் திருப்பினால் முடியில்லாத உதட்டு விளிம்பே இமை விளிம்பாகிவிடும், சவ்வு கண்சவ்வின் இடத்தைப் பிடிக்கும். பிரிக்கும்போது முகநரம்புக் கிளைகளையும் பரோடிட் உமிழ்நீர்க் குழாயையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதி குறுகினாலோ முறுகினாலோ ரத்த ஓட்டம் குறைந்து நுனி கறுக்கும். பள்ளத்தை அளந்து குறித்த பிறகே உதட்டில் கத்தி வையுங்கள்.

பதில் 3:
எந்த ஃபிளாப் என்பதற்கு முன்னால், புற்று பரவியிருக்கிறதா என்று தாடைக்கீழ் நிணநீர்முடிச்சிலிருந்து ஊசியால் செல் எடுத்துப் பரிசோதனை செய்துவிடுங்கள். சுத்தம் செய்ய 1:50 நீர்த்த போவிடோன் அயோடின் கரைசல் போதும். குளோர்ஹெக்சிடினும் சோப்பு கலந்த ஸ்க்ரப்பும் கருவிழியைக் கெடுக்கும். எடுத்த திசுவின் ஓரங்களில் மை தடவி அனுப்புங்கள், எந்தப் பக்கம் புற்று மிச்சம் என்று தெரியும்.

கழுத்துக் கூம்பு 14 நாள், தையல் எடுக்கும்வரை ஒரு மணி நேரம்கூடக் கழற்றக் கூடாது. வலிக்கு வீட்டார் பாராசிட்டமால் கொடுத்துவிடாமல் எழுதியே கொடுங்கள். பூனைக்கு அது உயிரை எடுக்கும். மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகுதான்.

கேட்டவர்:
நன்றி. முதலில் நிணநீர்முடிச்சு, பிறகு உதட்டு ஃபிளாப்.