குழந்தையை அழகிப் போட்டிக்குக் கூட்டிப் போனவர்கள், தானே போனவர்கள்: உங்கள் அனுபவம்?

வேப்பங்குச்சி:
எட்டு மாதம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. மாலில் நடக்குமே, அந்த மாதிரி ஒரு குட்டி இளவரசிப் போட்டி. நுழைவுக் கட்டணம் 1,500, கவுன் வாடகை தனி. பொண்ணுக்கு ஆறு வயசு. அவள் கேட்டாள், கூட்டிப் போனேன். மேடையில் நன்றாகத்தான் நடந்தாள், இரண்டாம் பரிசு ஷீல்டு கூட வந்தது. விஷயம் மேக்கப் போட்ட இடத்தில். அந்த அக்கா என் பொண்ணின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "லைட்டுக்கு டல்லா தெரியும், ரெண்டு ஷேடு ஏத்திடலாம்" என்றார். ஏற்றினார். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். நான் வாயைத் திறக்கவில்லை. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவக் கூப்பிட்டால் வரவில்லை. "ஆயா பார்க்கட்டும்." ஆயா ஊரிலிருந்து வருவது மறுநாள். அப்படியே தூங்கினாள், மல்லாந்து, தலையணையில் கன்னம் படாமல். ஆறு வயசுக் குழந்தைக்கு ராத்திரி முழுக்க அசையாமல் படுக்க வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். காலையில் உறையில் காதோரம் மட்டும் ஒரு சந்தனக் கலர் கறை. எழுந்ததும் கேட்டாள்: "ஸ்கூலுக்கும் இதே மாதிரி போட்டு விடுவியா?"

இதற்கெல்லாம் நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

வைகைக்கரை:
பதில் இல்லை, என் அக்கா கதைதான் இருக்கிறது.

1996 நவம்பர். பெங்களூரில் உலக அழகிப் போட்டி என்று எல்லாரும் இரண்டுபட்டு நின்றார்களே, அந்தச் சமயம். எங்கள் மதுரையில் ஓர் இளைஞர் அதை எதிர்த்துத் தீக்குளித்துச் செத்தே போனார். அப்பா தினமும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பண்பாடு பண்பாடு என்று கத்துவார். நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றதும் பாதிக் கோபம் தணிந்துவிட்டது.

அதே வீட்டில் உள் அறையில், பிளஸ் டூ படிக்கிற அக்கா அம்மாவின் தையல் மிஷின் டிராயரிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்துத் தன்னை அளந்துகொண்டிருந்தாள். 36-24-36. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், 94-ல் சுஷ்மிதாவும் ஐஸ்வர்யாவும் ஜெயித்ததிலிருந்து அந்த நம்பர் தெரியாத பெண் எங்கள் தெருவிலேயே இல்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருப்பாள். இடுப்பு 29, 28½, 28½, 28. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தால் அரை இஞ்சு குறையும். அது எனக்கும் தெரியும், டேப்பின் முனையைப் பின்னால் பிடித்தது நான்தான். அவளுடைய ராத்திரித் தோசை இரண்டும் சத்தமில்லாமல் என் தட்டுக்கு வந்துவிடும். எனக்கு அப்போது சந்தோஷம்தான்.

23-ம் தேதி கிரீஸ் நாட்டுப் பெண் ஜெயித்தாள். எல்லாரும் மறந்துவிட்டார்கள், அக்கா அளப்பதை நிறுத்தவில்லை. பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு லேபிலேயே மயங்கி விழுந்தாள். டாக்டர் ரத்தசோகை என்று டானிக் எழுதினார், அம்மா கண்ணேறு என்று சுற்றிப் போட்டாள். போட்டி வேண்டும் என்றவர்கள், வேண்டாம் என்றவர்கள், அத்தனை பேர் பேசினார்களே, அந்தத் தோசையை யாராவது பார்த்தார்களா? நான் உள்பட. இன்றைக்கும் குடும்ப போட்டோ என்றால் யாருடைய குழந்தையையாவது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டுதான் அக்கா நிற்பாள்.

உறையூர்ப் பொண்ணு:
வைகைக்கரை அக்கா, கதை வருத்தம்தான். ஆனால் இஞ்சு டேப்பை எடுக்க அழகிப் போட்டியே வேண்டும் என்பதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி கொண்டுவரச் சொல்லி நடையைப் பார்ப்பதற்குப் பெயர் என்ன? அங்கே கிரீடம் கூடக் கிடையாது, பஜ்ஜி செலவு நம்முடையது. வேப்பங்குச்சி, கூட்டிப் போனதும் நீங்கள், மேக்கப் போடும்போது சும்மா நின்றதும் நீங்கள். அப்புறம் போட்டியைக் குறை சொன்னால் எப்படி?

நானும் போனவள்தான். எங்கள் திருச்சி அனுகீர்த்தி வாஸ் 2018-ல் மிஸ் இந்தியா ஆன வருஷம், காலேஜ் கல்ச்சுரல்ஸில் பேர் கொடுத்தேன். மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேச எனக்கு வந்தது அதற்கப்புறம்தான். யாரும் அதைப் பறிக்க முடியாது.

சரி, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜெயித்த மறுவாரம் லேப் வைவா. எக்ஸ்டர்னலாக வந்தவர் ரெக்கார்டு நோட்டைப் புரட்டாமலே, "ஓ, நீதானா அந்த மிஸ்?" என்றார். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. முழு மார்க். ஒரு வாரம் கண் முழித்துப் படித்திருந்தேன். வெளியே வந்ததும் ஃப்ரெண்ட்ஸ் என்ன கேட்டார் என்றார்கள். கேட்டதாக இரண்டு கேள்வியை நானே சொன்னேன்.

ஓய்வுபெற்ற கணக்கர்:
என் தங்கை மகள் போட்டோ ஆல்பத்துக்கு என்று ஒருவரிடம் 15,000 கட்டினாள். ஆல்பம் வந்தது, வாய்ப்பு வரவில்லை. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் இங்கே இளம் தாய்மார்கள் நிறையப் பேர் இருப்பதால் சொல்கிறேன். முதலில், பணம் கட்டுமுன் விண்ணப்பத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். படங்களை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஆன்லைன் ஓட்டுக்குக் காசு என்றால் அது போட்டி இல்லை, சீட்டு. எல்லாக் குழந்தைக்கும் ஏதாவது ஒரு பட்டம் உண்டு, சிறந்த புன்னகை, சிறந்த கூந்தல் என்றால், அதன் விலை நுழைவுக் கட்டணத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, சாப்பாடு. பட்டினி கூடவே கூடாது. 2021-ல் பிரபஞ்ச அழகி ஆனாரே ஹர்னாஸ் சந்து, அடுத்த வருஷமே கொஞ்சம் சதை போட்டதற்கு அவரை என்ன பாடு படுத்தினார்கள்! கோதுமை ஒத்துக்கொள்ளாத வியாதி என்று அந்தப் பெண் தானே வெளியில் சொல்லவேண்டி வந்தது. கிரீடம் வாங்கினவருக்கே அந்தக் கதி. ஆகவே கேழ்வரகு, முருங்கைக்கீரை, தினம் ஒரு முட்டை. அப்புறம், அவசரம் வேண்டாம். உலக அழகியில் நீச்சலுடைச் சுற்று 2015-லேயே போய்விட்டது. பிரபஞ்ச அழகியில் கல்யாணம் ஆனவர்களையும் தாய்மார்களையும் 2023 முதல் சேர்க்கிறார்கள், 2024-ல் வயது உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். எனவே முதலில் டிகிரி முடிக்கட்டும். சி.ஏ. இன்டர் என்றால் இன்னும் நல்லது.

உறையூர்ப் பொண்ணு:
சார், இங்கே யாரும் டயட் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற கணக்கர்:
பொதுவாகச் சொன்னேன் அம்மா.

கூத்தாண்டவர் பிள்ளை:
நான் திருநங்கை. சித்திரையில் கூவாகம் திருவிழாவை ஒட்டி விழுப்புரத்தில் நடக்கிற மிஸ் கூவாகம் மேடையில் ஒரு தடவை ஏறியிருக்கிறேன். முதல் சுற்றோடு வெளியே. ஆனால் அந்த நடைக்கு விழுந்த கைத்தட்டல் போதும் எனக்கு. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அதே நடையை நடந்தால் கல் வரும். அதனால் போட்டியே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

வேப்பங்குச்சி சொன்ன அந்த ரெண்டு ஷேடு எனக்கும் நடந்தது. போட்டது என் சொந்த சேலா, என்னைக் குருவாக ஏற்றுக்கொண்ட திருநங்கை. என் மேல் உயிரையே வைத்திருக்கிறவள். "கருப்பா இருந்தா ஆம்பளை மூஞ்சி தெரியும்டி" என்றாள். அவளிடம் இன்னும் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

வேப்பங்குச்சி:
உறையூர்ப் பொண்ணு, ஆமாம், கூட்டிப் போனது நான்தான். அதனால்தான் இங்கே எழுதினேன். ஸ்கூலுக்கும் போட்டு விடுவியா என்றதற்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன்: "ஸ்கூல்ல மிஸ் திட்டுவாங்க." அவ்வளவுதான் வாயில் வந்தது. மிஸ் திட்டாத இடங்களில் போட்டுக்கொள்ளலாம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். போன மாதம் மாமா கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, பீரோக் கண்ணாடி முன்னால் தேங்காய் எண்ணெயில் பவுடரைக் குழைத்துக்கொண்டிருந்தாள், கழுத்துக்கும் சேர்த்து. "போன தடவை அந்த ஆன்ட்டி கழுத்தை மறந்துட்டாங்கம்மா" என்கிறாள்.

ஷீல்டு டிவி பக்கத்தில் இருக்கிறது. நேற்றுத் தூசி தட்டும்போதுதான் பார்த்தேன், அதில் பேரே தப்பு. வேறு ஏதோ குழந்தையின் பேர். எட்டு மாதமாக யாரும் படிக்கவில்லை.

ஓய்வுபெற்ற கணக்கர்:
ஷீல்டு கடையில் பெயர்த் தகடு மட்டும் தனியாக மாற்றித் தருவார்கள். பின்னால் இரண்டு ஸ்க்ரூதான். பழைய தகட்டை வீசாமல் எடுத்துப் போங்கள், அளவுக்கு வேண்டும்.