‘தாத்தா வீடு’ குழுவில் வியாழக்கிழமைப் படையல்

27 அக்டோபர் 2024, ஞாயிறு

டப்ளின் அக்கா (மதியம் 2:41): எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். வியாழன் ராத்திரி எங்க மாமியார் வீட்ல சௌவின். செத்தவங்களுக்கு மேஜையில இடம் போட்டுச் சாப்பாடு வைக்கிற ராத்திரி. இந்த வருஷம் தாத்தாவுக்கும் ஒரு தட்டு வைக்கலாமான்னு மாமியாரே கேட்டாங்க. தாத்தா தனியா இருக்கிற போட்டோ ஒண்ணு வேணும். அவருக்குப் பிடிச்சது எதுன்னு அளவோட சொல்லுங்க.

பெரியப்பா: வியாழன் தீபாவளி. நமக்கு இந்த வருஷம் பண்டிகை கிடையாது

அத்தை: கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு என்ன தடை

பெரியப்பா: பொதுவாச் சொன்னேன்

பெரியம்மா: ஏளா, செத்தவங்கன்னு எழுதாத. இறந்தவங்கன்னு போடு

சித்தப்பா: சம்பந்தியம்மா பேகன் வழின்னு சொன்னியே. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனா?

தம்பி: 😂😂

அம்மா: பிள்ளை ஏதோ கேக்கா, பதில் சொல்லுங்க

டப்ளின் அக்கா: சித்தப்பா, அந்தப் பேகன் இல்ல. கிறிஸ்தவம் வர்றதுக்கு முன்னாடி இருந்த வழிபாட்டை இப்போ திரும்ப எடுத்துச் செய்றவங்களுக்கு அந்தப் பேர். வருஷத்துல எட்டு நாள் கும்பிடுவாங்க. சூரியன் திரும்புற நாள் ரெண்டு, பகலும் ராவும் சமமா இருக்கிற நாள் ரெண்டு, நடுவுல நாலு. அந்த நாலுல ஒண்ணு சௌவின். அறுவடை முடிஞ்சு குளிர்காலம் பிறக்கிற நாள். ஐரிஷ் மொழியில நவம்பர் மாசத்துக்கே அந்தப் பேர்தான். Samhain-ங்கிற எழுத்தைப் பார்த்து சம்ஹைன்னு வாசிச்சிராதீங்க. நாள் என்னமோ நவம்பர் 1தான், ஆனா அவங்க கணக்குல முந்தின நாள் பொழுது சாயும்போதே நாள் பிறந்துரும், அதனாலதான் 31 ராத்திரி. ஹாலோவீன் இதுல இருந்து வந்தது. மீத் மாவட்டத்துல தாரா குன்றுல அஞ்சாயிரம் வருஷத்துப் புதைமேடு ஒண்ணு இருக்கு. சௌவின் சமயத்துல உதிக்கிற சூரியன் நேரா அதோட வாசலுக்குள்ள விழும்.

சித்தப்பா: நல்லாருக்கே. வியாழன் சாயங்காலம் நாலு மணிக்குள்ள இங்க அமாவாசையும் பிறந்துருது

அத்தை: பாத்தீங்களா அண்ணே

பெரியப்பா: மகாளயம் அப்போ செஞ்சாச்சு. திரும்பத் திரும்ப எதுக்கு

தம்பி: அக்கா வெடி உண்டா

டப்ளின் அக்கா: அயர்லாந்துல லைசென்ஸ் இல்லாம வெடி வச்சிருந்தாலே குற்றம்டா. கம்பி மத்தாப்பு கொளுத்தலாம்.

அம்மா: [புகைப்படம்]

அம்மா: இது போதுமா? தாத்தா ஆச்சி அறுபதாம் கல்யாணத்துல எடுத்தது

டப்ளின் அக்கா: ஆச்சி இருக்காங்களே அம்மா. இருக்கிறவங்க படம் அந்த மேஜையில வரவே கூடாது, அங்கேயும் அப்படித்தான். ஆச்சியை வெட்டிட்டு அனுப்புங்க.

பெரியம்மா: வெட்டுங்கன்னு எழுதாதளா!!

தம்பி: நான் தாத்தாவை மட்டும் தனியா எடுத்து அனுப்புறேன்

தம்பி: [புகைப்படம்]

அத்தை: தோள்ல ஆச்சி கை தெரியுது

தம்பி: அதை எடுத்தா தாத்தா காதும் போயிருது

அம்மா: பேங்க் பாஸ்புக்குல ஒண்ணு இருக்குமே

பெரியப்பா: பாஸ்புக் யார்ட்ட இருக்கு?

அத்தை: ஏன், என்கிட்டதான் இருக்கு. அப்பா கையால கொடுத்தது

பெரியப்பா: சும்மா கேட்டேன்

சித்தப்பா: சாப்பாட்டுக்கு வாங்க

டப்ளின் அக்கா: மேஜையில என்னென்ன வருதுன்னு சொல்லிர்றேன், அதுக்குத் தோதா ஒண்ணு சொல்லுங்க. முதல்ல கோல்கேனன். வெந்தா மாவா உதிர்ற உருளைக்கிழங்கு 1 கிலோ, தோலோட வேக வைக்கணும். தோல் சீவி வேக வச்சா தண்ணி குடிச்சுரும். கேல் கீரை 250 கிராம் வேக வச்சு ஒட்டப் பிழியணும், இல்லன்னா மொத்தமும் சொதசொதன்னு ஆயிரும். 150 மில்லி பால்ல வெங்காயத்தாள் நறுக்கிப் போட்டு ஒரு கொதி. சூடான கிழங்கைக் கையாலதான் மசிக்கணும், மிக்ஸியில அடிச்சா கோந்து மாதிரி இழுக்கும். பால் சூடா இருக்கணும். 80 கிராம் வெண்ணெயில பாதியை உள்ள கலந்து, மீதியை உருக்கி நடுவுல குழி பண்ணி ஊத்தணும். ஓரத்துல இருந்து எடுத்துக் குழியில தொட்டுத் தொட்டுச் சாப்பிடணும்.

அம்மா: உளுந்தங்களிக்குக் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊத்துவோமே!

அத்தை: அதான்! அப்பாவுக்குக் களிதான். வேற எதுவும் வேண்டாம்

பெரியம்மா: மாமாவுக்கு எள்ளுருண்டைல்லா பிடிக்கும்

அத்தை: அது பல்லு இருக்கும்போது மதினி

சித்தப்பா: களி 👍

பெரியப்பா: அங்க கறி மீன்லாம் வைப்பாங்களா? அது பக்கத்துல அப்பா தட்டு கூடாது

டப்ளின் அக்கா: இல்ல பெரியப்பா. அடுத்த நாள் புனிதர் எல்லாருக்குமான திருநாள்ங்கிறதால 31-ம் தேதி விரதம்னு சர்ச் வச்சிருந்தது. அந்தக் காலத்துல அன்னைக்குக் கத்தோலிக்க வீடுகள்ல கறி கிடையாது. அதனாலதான் ஹாலோவீன் பலகாரமெல்லாம் கிழங்கும் மாவுமா இருக்கு. பேகன் வீட்லயும் அந்தச் சமையலே நிலைச்சுருச்சு.

பெரியப்பா: கேக் உண்டுல்ல. முட்டை?

டப்ளின் அக்கா: அதைத்தான் கேக்க வந்தேன். பார்ம்ப்ராக்னு பேர். உலர் திராட்சை, சுல்தானா கலந்து 375 கிராம். 300 மில்லி கடுந்தேயிலையில 125 கிராம் நாட்டுச்சர்க்கரை கரைச்சு ராத்திரி முழுக்க ஊறணும். காலையில பழம் உப்பி, டீ நல்லா ஆறியிருக்கணும். சூட்டோட மாவைப் போட்டா பேக்கிங் பவுடர் அப்பவே வேலையைக் காட்டிரும், அப்புறம் அடுப்புல எழும்பாது. பேக்கிங் பவுடர் கலந்த மைதா 225 கிராம், பட்டை ஜாதிக்காய்ப் பொடி 1 ஸ்பூன், முட்டை 1. 170 டிகிரியில 1 மணி நேரத்துக்கு மேல கொஞ்சம் ஆகும். 45 நிமிஷத்துல மேல கறுத்தா அலுமினியத் தாள் மூடணும். முட்டை வேண்டாம்னா 60 மில்லி கெட்டி மோரும் அரை ஸ்பூன் ஆப்பசோடாவும். ஆனா முட்டை போடாததை அன்னைக்கே வெட்டினா உதிர்ந்துரும், ஒரு நாள் துணியில சுத்தி வைக்கணும். உள்ள மோதிரம், காசு, பட்டாணி, குச்சி, கந்தல் துணி வைப்பாங்க. மோதிரம் கிடைச்சா அந்த வருஷம் கல்யாணம், பட்டாணி கிடைச்சா கல்யாணம் இல்ல, காசுன்னா பணம், கந்தல்னா வறுமை. எல்லாத்தையும் வெண்ணெய்த் தாள்ல சுத்தித்தான் வைக்கணும். முன்கூட்டியே எல்லார்ட்டயும் சொல்லிரணும், சின்னப் பிள்ளைங்களுக்கு அந்தத் துண்டைக் கொடுக்கக் கூடாது, தொண்டையில சிக்கிரும்.

பெரியம்மா: மோதிரத் துண்டை நம்ம தம்பிக்கு பார்சல் அனுப்பு

தம்பி: பெரியம்மா 🙏

அத்தை: களி அளவு எழுதிக்கோ. தோலு உளுந்து 1 கப், பச்சரிசி கால் கப், வறுத்துத் திரி. கருப்பட்டி ஒன்றரைக் கப், தண்ணி 3 கப். கருப்பட்டியைக் கரைச்சு வடிகட்டிட்டுக் கொதிக்க விடு, மண்ணு கிடக்கும். மாவைப் பச்சைத் தண்ணியில கரைச்சுட்டு ஊத்து, நேரா கொட்டினா கட்டி தட்டும். நல்லெண்ணெய் அரைக் கப், விட்டு விட்டுக் கிண்டு. ஈரக்கையால தொட்டா ஒட்டக் கூடாது

டப்ளின் அக்கா: இங்க தமிழ்க் கடையில கருப்பட்டி வாங்கிக்கிடுதேன்.

அம்மா: படைக்கிற முறை என்ன, சூடம் உண்டா

டப்ளின் அக்கா: சூடம் இல்ல. மேற்கு ஜன்னல்ல ஒரு மெழுகுவர்த்தி. முதல் தட்டு அவங்களுக்கு, அப்புறம்தான் நமக்கு. தட்டு வச்சதுல இருந்து சாப்பிட்டு எந்திரிக்கிற வரை யாரும் பேச மாட்டாங்க. அவங்க தட்டுல இருக்கிறதை நாம தின்னக் கூடாது, வெளிய வைக்கணும். காக்காக் கூட்டம் இங்கேயும் உண்டு. கேக்கையும் கோல்கேனனையும் மட்டும் வெளிய வைக்க மாட்டோம், திராட்சையும் வெங்காயமும் நாய்க்கு விஷம், பக்கத்து வீட்ல நாய் இருக்கு. களியும் ஆப்பிளும் வைப்போம்.

சித்தப்பா: பூசணிக்காய் விளக்கு?

டப்ளின் அக்கா: பூசணி அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ்காரங்க பழக்கம். இங்க அயர்லாந்துல டர்னிப்ங்கிற கிழங்குதான். மேயோவுல காசில்பார் அருங்காட்சியகத்துல பழைய டர்னிப் விளக்கோட பிளாஸ்டர் நகல் இருக்கு, பாத்தா பயமா இருக்கும். கல்லு மாதிரி இருக்கும் காய், கரண்டியால சுரண்டிச் சுரண்டிக் குடையணும். சுவர் ஒரு விரல் கனம் இருக்கட்டும், மெலிஞ்சா ரெண்டே நாள்ல சுருங்கிரும்.

அம்மா: வீடியோல எத்தனை மணிக்கு? நாலரை மணி வித்தியாசம்தானே

தம்பி: இன்னையில இருந்து அஞ்சரை. அங்க இன்னைக்குக் காலையில கடிகாரத்தை மாத்திட்டாங்க

டப்ளின் அக்கா: ஆமா. இங்க சாயங்காலம் 5-க்கு இருட்டிரும். உங்களுக்கு ராத்திரி 10:30. ஆனா பேசாம உக்காந்திருக்கணும்.

அத்தை: நம்ம வீட்ல நடக்குமா அது

பெரியப்பா: நான் இன்னும் சரின்னு சொல்லல. ஆச்சிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்

அத்தை: அவ கல்யாணத்துக்கு வராதவங்க இப்போ சம்மதம் சொல்லணுமோ

பெரியப்பா: அது வேற

அம்மா: விடுங்க மதினி

பெரியப்பா: ஆச்சி தூங்குதா. எந்திரிச்சதும் கேக்கேன்

டப்ளின் அக்கா: கேளுங்க பெரியப்பா. செவ்வாய் ராத்திரி பழம் ஊறப் போட்டாத்தான் புதன் சுட்டு வியாழன் வெட்ட முடியும். மத்தது மெதுவாச் சொல்லுங்க, முட்டையா மோரான்னு மட்டும் நாளைக்குள்ள சொல்லிருங்க.

அத்தை: மோர்

பெரியம்மா: மோர்

சித்தப்பா: மோர்

தம்பி: அப்பா பாத்துட்டாங்க, பதில் போடல

அப்பா: மோர். பாஸ்புக் போட்டோவை அனுப்பு அக்கா