இழை: தணிக்கை அட்டவணையில் ‘இருப்பு’க்கு மாற்று?

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை வகுப்புக்குத் தணிக்கை அட்டவணை ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பத்தியில், நிதிநிலை அறிக்கையை நீட்டும்போது நிர்வாகம் சொல்லாமல் சொல்லும் கூற்றுகள். எதிரே, அது பொய்த்தால் வரும் இடர். பன்னாட்டுத் தணிக்கைத் தரம் 315 பேசும் ‘அசெர்ஷன்’தான். முழுமை, உரிமை, மதிப்பீடு எல்லாம் உட்கார்ந்துவிட்டன. கணக்கில் காட்டிய சரக்கு நிஜமாகவே உள்ளது என்னும் ‘எக்சிஸ்டென்ஸ்’ கூற்றுக்கு, முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்: ‘சரக்கிருப்பின் இருப்பு’. படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

---

> சரக்கிருப்பின் இருப்பு

‘உண்மை’ என்று போடுங்கள் ஐயா. உள் + மை. ‘அன்மையின் இன்மையின் உண்மையின் வன்மையின்’ என்று தொல்காப்பியர் சொன்ன உண்மை, உளதாயிருத்தலே. பிறகுதான் அதை வாய்மைக்குத் தாரைவார்த்தோம். இன்னொன்று: இன்மை வேறு, அன்மை வேறு. கிடங்கில் சரக்கே இல்லை என்றால் இன்மை. சரக்கு இருக்கிறது, ஆனால் விற்றுத்தரச் சொல்லி அடுத்தவர் அனுப்பியது, நம்முடையது அன்று என்றால் அன்மை. அங்கே விழுவது உரிமைக் கூற்று. (இன்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே எழுதுகிறோம், அது தனி வருத்தம்.)

---

பிரிப்பு அருமை. ஆனால் ‘உண்மை’ வேண்டவே வேண்டாம். ‘கணக்கு உண்மையா’ என்று எழுதிவிட்டுப் போவார்கள் பிள்ளைகள். தணிக்கைக்குப் போகிறவன் சொல்கிறேன், அவர்கள் தடுக்கி விழும் இடம் திசை. பேரேட்டில் ஓர் உருப்படியை எடுத்துக் கிடங்கில் போய் எண்ணினால், உளதா என்று பார்க்கிறோம். கிடங்கில் கண்டதைப் பேரேட்டில் தேடினால், எதுவும் எழுதாமல் விடுபட்டதா என்று பார்க்கிறோம், அதாவது முழுமை. கடனீந்தோர் கணக்கிலோ பட்டியலில் உள்ளதையே திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள். அங்கே இடரே எழுதாமல் விட்ட கடன்தான். ஆண்டு முடிந்தபின் நடந்த பட்டுவாடாக்களைப் புரட்டினால் சிக்கும். இதை மூன்றாம் பத்தியாகச் சேருங்கள், பெயர் எதுவோ இருந்துவிட்டுப் போகட்டும்.

---

‘கூற்று’ என்றால் எமன். ‘உறுதியுரை’ என்றால் என்ன?

---

> உறுதியுரை

கூடாது அம்மா. உறுதி தருவது தணிக்கையாளர் வேலை, அதுவும் ‘நியாயமான உறுதி’ மட்டுமே. நிர்வாகத்தின் வாயிலும் அதே சொல்லைப் போட்டால் யார் யாருக்கு உறுதி தந்தார் என்றே குழம்பும். எமன் பொருளைப் பற்றிக் கவலை வேண்டாம். தணிக்கை நடக்கும் வாரத்தில் நிர்வாகத்துக்கு அதுவும் பொருந்தும்.

---

நன்றி. திசைப் பத்தியைச் சேர்த்துவிட்டேன். தனிமடலில் பலரும் ‘மெய்யிருப்பு’ என்கிறார்கள். அதையே போட்டு அச்சுக்கு அனுப்புகிறேன்.

---

மெய் என்றால் உடலும்தானே? சரக்கை எண்ணலாம், சரி. கடனாளிகளிடம் வரவேண்டிய பாக்கிக்கு ஏது மெய்? கடிதம் போட்டு அவர்களிடமே உறுதிப்படுத்திக்கொள்கிறோமே, அதைப் பிள்ளைகள் இந்தச் சொல்லில் எங்கே பொருத்துவார்கள்? என் வாக்கு இன்னும் ‘உண்மை’க்கே. பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.